யாருடைய சாலை? யாருடைய நட்டம்?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தைத் தோண்டித் தந்த மண் அது. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தலித் உழைப்பாளிகள். பொதுத்துறை நிறுவனம் ஒன்றை இழுத்து மூட ஒன்றிய அரசு சொன்ன காரணம் ஒரே ஒரு சொல்தான்: நட்டம். அவர்களுடைய பிள்ளைகள் இன்று விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி, கூலி வேலைக்குப் பெங்களூர் போய், இரவில் வீடு திரும்புகிறார்கள்.

உழைப்பாளியின் வாயை அடைக்கும் இந்த ‘நட்டம்’ என்னும் சொல், வேறு சில இடங்களில் மட்டும் எப்படிக் காணாமற்போகிறது? கார்ப் பந்தயச் சாலைகளின் கதை இதற்குச் சரியான சான்று.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ‘பார்முலா 4’ கார்ப் பந்தயம் நடந்தது. சுமார் 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச்சாலை பந்தயத் தடமாக மாற்றப்பட்டது. 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்து, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போன நிகழ்ச்சி இது. நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். அதனுடன் கைகோத்து நின்றது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அரசின் பங்காகச் சுமார் 40 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

வழக்குத் தொடுக்கப்பட்டபோது, பந்தயத்தை அனுமதித்த சென்னை உயர் நீதிமன்றம், அரசு செலவிட்ட பணத்தை அந்த நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. சட்டத்தின் கேள்வி அத்துடன் முடிந்திருக்கலாம். அரசியலின் கேள்வி முடியவில்லை. அரசின் கொள்கை முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்றால், அந்தக் கொள்கையை எடைபோடும் பொறுப்பு மக்களிடமே வந்து சேர்கிறது.

பந்தயம் நடத்தத் தமிழ்நாட்டில் இடமா இல்லை? ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நிரந்தரப் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயன், நகரச் சாலைகளை அடைத்து உருவாக்கப்பட்டவர் அல்லர். மோட்டார் விளையாட்டை நாம் எதிர்க்கவில்லை. அதில் திறமையும் துணிவும் பொறியியல் அறிவும் உண்டு. ஆனால் இருக்கும் தடங்களை விட்டுவிட்டு, அரசுப் பணத்தில் மாநகரின் நடுவே தடம் போடுவது விளையாட்டுக்காக அன்று, விளம்பரத்துக்காக.

இது ஒரு கட்சியின் நோய் மட்டும் அன்று. உத்தரப்பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டா அருகே ஜேப்பி குழுமம் கட்டிய புத்தா பந்தயத் தடத்தில் 2011, 2012, 2013 என மூன்றே ஆண்டுகள் பார்முலா 1 நடந்தது. அதே 2011இன் மே மாதத்தில், அதே வட்டாரத்தின் பட்டா பர்சௌல் கிராமத்தில், நிலம் பறிபோனதை எதிர்த்த விவசாயிகள் போலீசின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். இன்று பார்முலா 1 அங்கே இல்லை; ஜேப்பியின் தாய் நிறுவனம் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரியில் மின்கார்ப் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தானது. வெளிநாட்டு அமைப்பாளருக்குப் பொதுப்பணம் முறையான ஒப்புதலின்றி அனுப்பப்பட்டதாக அங்கே ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்துள்ளது. ஆளும் கொடிகள் மாறுகின்றன. பொதுப்பணத்தையும் பொதுநிலத்தையும் முன்னே வைத்துத் தனியாரை அழைக்கும் முறை மாறுவதில்லை.

சென்னைப் பந்தயம் முடிந்து எட்டே நாளில், செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, அரசியல் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் சங்கம் வைக்கும் உரிமை. 37 நாட்கள் போராடினார்கள். அக்டோபரில் அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைக் காவல்துறை பிரித்தெறிந்தது; இரவில் வீடு தேடிப்போய்க் கைது செய்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. பன்னாட்டுப் பந்தயத்துக்கு மாநகரின் சாலைகளையே திறந்துவிட்ட அரசு, மின்கருவிகள் செய்யும் தொழிலாளிக்குச் சாலையோரத்தில் ஒரு பந்தலை விட்டுவைக்கவில்லை.

தீவுத்திடலுக்கு அருகே, கூவத்தின் கரையில், சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. 2019 டிசம்பரில் தொடங்கி அங்கிருந்த குடும்பங்கள் நதிச் சீரமைப்பின் பெயரால் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. பந்தயத்துக்காக அவர்களை அகற்றியதாக நாம் சொல்லவில்லை. ஆனால் வேலையும் பள்ளியும் அருகிலிருந்த ஏழைக்கு இந்நகரின் மையத்தில் இடமில்லை என்றவர்கள், இரண்டு இரவு வேடிக்கைக்கு அதே வட்டாரத்தில் இடம் கண்டுபிடித்தார்கள் என்பதை மறக்க முடியாது.

சுற்றுலா வரும், முதலீடு வரும், இளைஞர்கள் ஊக்கம் பெறுவார்கள் என்கிறார்கள். வந்தால் மகிழ்ச்சியே. எவ்வளவு வந்தது, யாருக்கு வந்தது என்ற கணக்கைச் சட்டமன்றத்தின் முன் வைக்கட்டும். தங்கவயலின் தொழிலாளியிடம் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்ட ஆட்சிமுறை, பந்தய நிறுவனத்திடம் கோடிகளுக்குக் கணக்குக் கேட்பதில் என்ன தயக்கம்?

தங்கவயலிலும் இதே கேள்வி இப்போது உயிர் பெற்றிருக்கிறது. சுமார் 1,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 சயனைடு மணல்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. 2001இல் ‘நட்டம்’ என்று கைவிடப்பட்ட மண்ணில் இன்று லாபம் தெரிகிறது. அந்த லாபத்தில், குடியிருப்புகளுக்குப் பட்டா கேட்டுக் காத்திருக்கும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பங்கு என்ன? மணல்தூசியைச் சுவாசித்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலை என்ன?

நம் கோரிக்கைகள் எளியவை. நகரச் சாலைப் பந்தயங்களின் வரவுசெலவை அரசு முழுமையாக வெளியிட வேண்டும். பந்தயங்கள் நிரந்தரத் தடங்களில், நடத்துவோரின் சொந்தச் செலவில் நடக்க வேண்டும். விளையாட்டு நிதி, மைதானமில்லாத அரசுப் பள்ளிகளுக்கும் தங்கவயல் போன்ற தொழிலாளர் ஊர்களின் கால்பந்துத் திடல்களுக்கும் போக வேண்டும். தங்கவயலில் எந்தப் புதிய திட்டம் வந்தாலும் உள்ளூர் மக்களின் வேலையும் வீட்டுரிமையும் அதன் முதல் விதியாக எழுதப்பட வேண்டும்.

சாலையும் நிலமும் பொதுமக்களின் சொத்து. அதன் கணக்கைக் கேட்கும் உரிமையைப் போராடித்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. தங்கவயலிலும் சென்னையிலும் அந்தக் கேள்வியை ஒரே குரலில் எழுப்புவோம்.