உதிரிபாகக் கடை மூடப்படும்போது

நாட்டிலேயே மின்னணு உதிரிபாகங்களை உற்பத்தி செய்வதற்கென 22,919 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. அதே காலத்தில், அந்த உதிரிபாகங்களைச் சில்லறையாக விற்றுவந்த வட்டாரக் கடைகள் நகரந்தோறும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற செய்திகள் போலத் தோன்றலாம். உண்மையில் இவை ஒரே கொள்கையின் இரண்டு முகங்கள்.

தில்லி செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லஜ்பத் ராய் சந்தை, மும்பையின் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவின் சாந்தினி சந்தை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை இந்த வணிகத்தின் பெரிய மையங்கள். அவை இன்னும் இயங்குகின்றன. ஆனால் ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் இருந்த அலமாரிகளில் பலவற்றைக் கண்காணிப்புக் கேமராக்களும் கைபேசி உறைகளும் நிரப்பியுள்ளன. இம்மையங்களிலிருந்து சரக்கு எடுத்துச் சென்று குடியிருப்புப் பகுதிகளில் விற்ற சிறு கடைகளே முதலில் வீழ்ந்தன.

கடை கற்பித்த கல்வி

இத்தகைய கடையில் வேலைக்குச் சேரும் சிறுவன் சில மாதங்களில் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்வான். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். 25 வோல்ட் கெபாசிட்டர் கையிருப்பில் இல்லையெனில் அதே கொள்ளளவுள்ள 35 வோல்ட் கெபாசிட்டரைப் போடலாம், 16 வோல்ட்டைப் போடக்கூடாது என்பதை அவனுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. பழுதான பலகையை எடுத்துவரும் மெக்கானிக்கும், பள்ளிச் செய்முறைக்குச் சுற்று அமைக்க வரும் மாணவியும், சிறு பட்டறை நடத்துபவரும் அந்தக் கடைப்பலகையின் முன் நின்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். கட்டணமில்லாத தொழிற்கல்வி அது. உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த எத்தனையோ பேர் தொழில்நுட்பத்திற்குள் நுழைந்த வாசலும் அதுவே.

வீங்கிப்போன ஒரு கெபாசிட்டரின் விலை சில ரூபாய்தான். அது அன்று மாலையே கிடைத்தால் தொலைக்காட்சிப் பெட்டி பிழைக்கும். கிடைக்காவிட்டால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். பலகையும் கிடைக்காவிட்டால் பெட்டி குப்பைக்குப் போகும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே எனச் சிலர் வாதிடுகின்றனர். ஒன்று தேவைப்படும் இடத்தில் பத்தாகவோ ஐம்பதாகவோ வாங்கி, அஞ்சல் செலவும் செலுத்திச் சில நாள் காத்திருக்கும் வசதி அன்றாடக் கூலியில் வாழும் மெக்கானிக்குக்கு இல்லை.

தொழில்நுட்பமா, கொள்கையா?

பாகங்கள் சிறுத்துப்போனதும் பல பாகங்களின் வேலையை ஒரே ஐசி செய்வதும் உண்மை. ஆனால் பலகையைப் பசையிட்டு ஒட்டுவதும், சர்க்யூட் வரைபடத்தை மறைப்பதும், வேறு திரையோ பேட்டரியோ பொருத்தினால் கருவி ஏற்க மறுக்கும்படி மென்பொருளால் பூட்டுவதும் அறிவியலின் கட்டாயங்கள் அல்ல. அவை லாபத்திற்காக எடுக்கப்படும் முடிவுகள். பழுதுபார்க்க முடியாத பொருள், அடுத்த விற்பனைக்கான உத்தரவாதம்.

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் 1997இல் சேர்ந்த இந்தியா, 2005க்குள் அதில் அடங்கிய பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கியது. 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த டிரான்சிஸ்டர்கள் ஒரு காலத்தில் நாட்டின் வானொலிப் பெட்டிகளில் இருந்தன. மொகாலியில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய பொதுத்துறை சிப் ஆலை 1989இல் தீக்கிரையானபின், அதை உரிய முதலீட்டோடு மீட்டெடுக்கும் முனைப்பை அரசுகள் காட்டவில்லை. இவ்வாறு உள்நாட்டு உற்பத்தியின் அடித்தளம் வலுவிழந்தது. 2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கம் ரொக்கத்தில் நடந்த சில்லறை வணிகத்தை முடக்கியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பதிவு செய்யாத கடையில் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்பதால் சிறு தொழிற்கூடங்கள் பெரிய விநியோகஸ்தர்களை நாடின. எஞ்சியதைப் பொதுமுடக்கமும், அந்நிய மூலதனத்தின் வலிமையோடு வந்த இணைய வணிகமும் எடுத்துக்கொண்டன.

இப்போது அறிவிக்கப்படும் ஊக்கத்தொகைகள் பெருநிறுவனங்களின் ஆலைகளுக்கே செல்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கியது ஓர் இணையதளம் மட்டுமே. பாகங்களையும் வரைபடங்களையும் தரும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இன்றுவரை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென ஓர் உத்தரவையே பிறப்பித்துள்ளது.

கட்சியின் முன் உள்ள பணி

சிறு கடையைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. அங்கும் சுரண்டல் உண்டு. பொதுவாக 20 பேருக்குக் குறைவாக இருந்தால் வருங்கால வைப்பு நிதி இல்லை. 10 பேருக்குக் குறைவாக இருந்தால் இஎஸ்ஐ இல்லை. மூன்று பேர் வேலை செய்யும் கடையில் இருபது ஆண்டுகள் உழைத்தவர், கடை மூடப்படும் நாளில் வெறுங்கையோடு வெளியேறுகிறார். வணிகர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அவர் இடம்பெறுவதில்லை. தொழிற்சங்கங்களும் அவரிடம் போதுமான அளவு சென்றடையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நசுங்கும் சிறு உடைமையாளர் தன் துயரத்திற்குக் காரணம் தேடுகிறார். அந்நியப் பொருள் மீதும் அயல்நாட்டார் மீதும் வெறுப்பை வளர்க்கும் வலதுசாரிகள் அவருக்கு எளிதான விடை ஒன்றை வைத்திருக்கின்றனர். அவரது கடையை விழுங்குவது ஏகபோக மூலதனம் என்பதையும், அதற்கு வழிவிட்டவை அடுத்தடுத்த அரசுகளின் நவதாராளமயக் கொள்கைகள் என்பதையும் பொறுமையாக விளக்கும் பணி இடதுசாரிகளுடையது. அந்த விளக்கம் துண்டறிக்கையோடு நின்றுவிடக்கூடாது. சந்தை வாரியாகக் கடைத் தொழிலாளர்களையும் மெக்கானிக்குகளையும் அமைப்பாக்க வேண்டும்.

பாகங்களும் வரைபடங்களும் நியாய விலையில் கிடைக்க வகைசெய்யும் சட்டம், இணைய வணிக ஏகபோகங்களின் மீது கட்டுப்பாடு, ஆட்களின் எண்ணிக்கையைக் காரணம் காட்டி மறுக்கப்படாத சமூகப் பாதுகாப்பு, பொதுத்துறையில் உதிரிபாக உற்பத்தி ஆகியவை உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். கடைசிக் கோரிக்கை கனவன்று. 1973இல் கேரள அரசு நிறுவிய கெல்ட்ரான், 2024இல் கண்ணூர் மாவட்டத்தில் சூப்பர் கெபாசிட்டர் உற்பத்தியைத் தொடங்கியிருக்கிறது.

ஒரு கடை மூடப்படும்போது அதன் சரக்கை எடைக்குப் போட்டுவிடலாம். எந்தப் பாகத்திற்கு எது மாற்று என்று அறிந்திருந்த தொழிலாளியின் அறிவை அவ்வாறு எடைபோட முடியாது. அவர் வேறு கூலி வேலைக்குச் சிதறிப்போகும் முன் அவரைச் சென்றடைவதே அவசரப் பணி.