சேந்தமங்கலத்து மேட்டுக்கு நாம் செய்தது

மேகம் அருவியில் குளிக்கக் கல்வராயன் மலைக்கு வண்டி பிடிக்கிறோம். அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் கெடிலக்கரைச் சேந்தமங்கலம் இருக்கிறது. போனாலும் ஆபத்சகாயேசுவரர் கோயிலில் கல்குதிரையைத் தட்டி ஓசை கேட்கிறோம், ஒரு செல்ஃபி எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். காடவராயர்களின் தலைநகர் இதுதான். அரண்மனை எங்கே என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

1231இல் காடவராய மன்னன் கோப்பெருஞ்சிங்கன் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடித்துவந்து இங்கே சிறைவைத்தான். மீட்கப் போசள மன்னன் நரசிம்மன் தண்டநாயகர்கள் இருவரை அனுப்பினான். அந்தப் படை வழியெல்லாம் ஊர்களை அழித்தும் எரித்தும் காடுகளை வெட்டியும் வந்த கதையைக் கடலூர் பக்கம் திருவயிந்திபுரக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. படை சேந்தமங்கலத்தை நெருங்கவே கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விட்டுவிட்டான். ஒரு பேரரசின் மானம் ஊசலாடிய ஊர்! நம் பிள்ளைகள் பொன்னியின் செல்வனை மனப்பாடமாகச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். சொல்லித்தர நமக்கே தெரியாது. சோழனைச் சிறைவைத்தவனை வில்லன் என்று ஒதுக்குவது எளிதாகவும் இருந்தது.

சாமிக்குக் கருங்கல், ராசாவுக்குச் செங்கல்லும் மரமும் என்பது அக்கால வழக்கம். கோயில் நின்றது, மாளிகை மண்ணாயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே மாளிகைமேடு என்ற பெயராவது ஊர் வாயில் தங்கியது, 1980இலிருந்து பலமுறை தோண்டி அடித்தளங்களை வெளியே கொண்டுவந்தார்கள். சேந்தமங்கலத்து மேட்டிலும் 1990களில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

துறையைக் குறைசொல்லித் தப்பிக்க முடியாது; மேட்டைப் பார்க்கும் நம் கண்ணில்தான் குறை. இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடைக்காலப் பண்ணைமாளிகைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பலவற்றில் இன்று ஒரு சுவர்கூட இல்லை, புல்லுக்கடியில் பள்ளமும் மேடும்தான். அந்தப் பள்ளமேடுகளையே நில அளவை செய்து, பல இடங்களைச் சட்டப்படி காக்கிறார்கள். சுவர் இல்லாவிட்டாலும் மண்ணின் வடிவம் சான்றுதான் என்பது அவர்களுக்குப் பழகிப்போனது. நமக்கு மேடு என்றால் ஜேசிபியை விட்டுச் சமன்செய்ய வேண்டிய இடம், சவுடு மண் அள்ளும் இடம், வீட்டுமனைக்குத் தோதான இடம். ஓட்டாஞ்சில்லும் உடைந்த செங்கல்லும் கிடந்தால் காலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

2019இல் தனி மாவட்டம் வாங்கினோம். புது ஆட்சியரகத்தின் படிகளில் சாலை கேட்டும் பட்டா கேட்டும் மனுவோடு ஏறுகிறோம். சேந்தமங்கலத்துக்காக இன்னும் ஒரு மனு எழுத நம்மில் யாருக்கு நேரம் இருந்தது?