அட்வான்ஸ் பணம் யாருக்குச் சொந்தம்?

ஊரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. துபாயிலோ தம்மாமிலோ இருக்கும் சபராளிக்குச் செய்தி போகிறது. அடுத்த வருடம் மகளுக்கு நிக்காஹ். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் பழக்கம். "இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் வீடு நிக்கும், நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்கிறார் புரோக்கர். மச்சான் மூலமாக மூன்று லட்சம் கை மாறுகிறது. முத்திரைத்தாளில் நாலு வரி, மூன்று மாதக் கெடு, இரண்டு சாட்சி. அவ்வளவுதான்!

இரண்டாவது மாதம் கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது. அல்லது, பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது, ஒரு வாரிசின் கையெழுத்து இல்லை என்று வக்கீல் சொல்லி விடுகிறார். கிரயம் நின்று போகிறது. பணத்தைக் கேட்டால் ஒரே பதில்: "கெடு முடிஞ்சு போச்சு. அட்வான்ஸ் போனது போனதுதான்."

சகோதரர்களே! பாலைவன வெயிலில் நின்று ஒருவர் சேர்த்த மூன்று லட்சம், ஒரு செங்கல்கூடக் கை மாறாமல் இன்னொருவருக்கு எப்படிச் சொந்தமானது? எந்தச் சட்டப்படி? எந்த மார்க்கப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

அட்வான்ஸ் போனால் போனதுதான் என்று சட்டம் சொல்லவில்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையை எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈட்டுக்கு மேல் கிடையாது என்கிறது. டெல்லியில் ஒரு பங்களா 1,12,500 ரூபாய்க்குப் பேசப்பட்டு, 1,000 ரூபாய் அச்சாரமாகவும் 24,000 ரூபாய் விலையின் ஒரு பகுதியாகவும் கொடுக்கப்பட்டது. விற்பனை முறிந்தது. 1963இல் உச்ச நீதிமன்றம், விற்றவர் அந்த 1,000 ரூபாயை வைத்துக் கொள்ளலாம், 24,000 ரூபாயை அபராதமாக விழுங்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஆகவே அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. வாங்குகிறவர் தவறினால் அச்சாரம் போகலாம். முன்பணம் திரும்ப வர வேண்டியது. பத்திரத்தில் கோளாறு, அதாவது தவறு விற்பவருடையது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதற்கு அந்தச் சொத்தே ஈடு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு.

ஆனால் ஏமாந்து விடக் கூடாது. 2025 மே மாதம் பெங்களூர் சொத்து ஒன்றின் வழக்கில், 55.50 லட்ச விலைக்குக் கொடுத்த 20 லட்சத்தை விற்றவரே வைத்துக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம், வாங்குகிறவர் தவறினால் அந்தப் பணம் போகும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. வழக்குப் போட்டவரும் கிரயம் செய்து தரச் சொல்லிக் கேட்டாரே தவிர, இல்லையென்றால் பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்கவில்லை. படிக்காமல் போடும் கையெழுத்தின் விலை 20 லட்சம்!

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த விவகாரம் நமக்குப் புதிதல்ல. வாங்கினால் விலையில் கழியும், வாங்காவிட்டால் விற்பவருக்கே என்று முன்பணம் கொடுப்பதை அரபியில் 'உர்பூன்' வியாபாரம் என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததாக முவத்தாவிலும் அபூதாவூதிலும் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் கருத்து வேறுபாடும் உண்டு. ஹனஃபி, மாலிகி, ஷாஃபி மத்ஹபுகள் இது கூடாது என்கின்றன. இமாம் அஹ்மத் அனுமதித்தார்கள். உமர் (ரலி) காலத்தில் மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வானிடம் ஒரு வீடு வாங்கப்பட்டது. உமர் சம்மதித்தால் கிரயம், இல்லாவிட்டால் ஸஃப்வானுக்கு 400 என்று பேசிக் கொண்டார்கள். அந்தச் சம்பவமே அவர்களுக்கு ஆதாரம். 1993இல் புருணையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், கெடு நிர்ணயித்திருந்தால் கூடும் என்றது.

ஆக, இரண்டு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது இதுதான். நம் கரையில் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. தொழுகையில் ஷாஃபியாக நின்றுவிட்டு, அட்வான்ஸை அமுக்கும்போது மட்டும் ஹன்பலியாக மாறுவது என்ன நியாயம்?

"என் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? வேறு பார்ட்டியைத் திருப்பி அனுப்பினேனே!" என்று விற்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உண்மையான நஷ்டம் இருந்தால் ஜமாஅத்தில் கணக்கு வைத்து அதை மட்டும் கழித்துக் கொள்ளட்டும். ஆனால் அதே வீட்டை ஆறு மாதம் கழித்து அதிக விலைக்கு விற்றவருக்கு என்ன நஷ்டம்? வருந்தி வந்தவரின் வியாபாரத்தை முறித்துக் கொடுப்பவரின் தவறை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நபிமொழியின் கருத்து நமக்குத் தெரியாதா?

இனி செய்ய வேண்டியது

1. அட்வான்ஸுக்கு முன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். வக்ஃபு சொத்தா, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் வருகிறதா என்றும் விசாரியுங்கள். பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் மனை வாங்குவோர் இதைத் தவற விடவே கூடாது.

2. "பத்திரத்தில் குறை இருந்தாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ 30 நாளில் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

3. 2012 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை நம்பிப் பதியாமல் இருந்து விடாதீர்கள்.

4. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். சொத்து முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரி விதி உண்டு.

5. புரமோட்டரிடம் மனையோ ஃபிளாட்டோ வாங்கினால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் அவர் ஒப்படைக்கத் தவறினால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். வட்டியை நாம் தொட வேண்டாம். முதலைக் கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

6. மறுத்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கிரயம் கேட்டு வழக்குப் போட்டாலும் 'இல்லையேல் பணம்' என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஊர் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் தஃப்தர் வைத்திருப்பது போல ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் அச்சிட்டு வையுங்கள். படித்த இளைஞர்கள் அதைத் தயாரித்துக் கொடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் நீண்ட வசனம் அல்பகரா சூராவில் இருக்கிறது. அதை ஓதுகிற சமுதாயம் நாலு வரி முத்திரைத்தாளில் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் பறிகொடுக்கலாமா?

அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கும் சகோதரரே! அது உம்முடைய பணமா என்று இன்றிரவு உம் மனதைக் கேட்டுப் பாரும். இல்லை என்றால் நாளைக் காலையே கொடுத்து விடும்.