கடத்தினால் காதலா?

கொல்லிமலை சோளக்காடு சந்தையில் மிளகு விற்கும் அந்த அம்மாவுக்கு நாவல் என்றால் உயிர். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் என்று பாக்கெட் நாவல்களாகப் படித்துத் தள்ளியவர். இப்போது படிப்பது மகளின் மொபைலில்.

"ராஜேஷ்குமார் கதையில ரெண்டு ட்ராக் தனித்தனியா ஓடி, கடைசியில ஒண்ணா சேரும். குற்றவாளி மாட்டிக்குவான். இப்ப வர்ற 'ஆன்டி ஹீரோ' காதல் கதைகள்ல பொண்ணைக் கடத்துறவன், மிரட்டித் தாலி கட்டுறவன்தான் ஹீரோ. க்ரைம் நாவல்ல வில்லன் செய்யறதை இங்க செஞ்சா மட்டும் காதலுங்களா?" என்கிறார்.

அதற்காக 'படிக்காதே' என்று மகளைத் தடுக்கவில்லை. இருவரும் ஒரே கதையைப் படிக்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுகிறார்கள். போன வாரம் ஒரு கதையை மகளே பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கடைசி வரைக்கும் இவன் மன்னிப்பு கேட்கமாட்டான் போலம்மா!"