விரலுக்குத் தக்க வீக்கம்



சென்ற விடுமுறையில் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு சிறு வழக்கு என்னிடம் தீர்ப்புக்கு வந்தது. கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவர் மகன், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து 10,000 ரூபாய் சேர்த்திருந்தான். அதைக் கொண்டு, கணிப்பொறி விளையாட்டுகளுக்கு உகந்த மானிட்டர் ஒன்று வாங்க வேண்டுமென்பது அவன் விருப்பம். தகப்பனாரோ, "விளையாட்டுக்கென்று தனியாக ஒரு திரையா? இருக்கிற திரையில் படம் தெரியவில்லையா?" என்று மறுத்தார். கடைக்காரர் ஒருவர் 27 அங்குல வளைந்த திரையைக் காட்டி, கூடுதலாக வேண்டிய 8,000 ரூபாயைத் தவணையில் கட்டிவிடலாமென்று ஆசையும் மூட்டியிருந்தார். "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றான் பையன்.

அது பிள்ளை தன் உழைப்பால் ஈட்டிய முதற்பணம். அது வீணாகுமானால், பணத்தோடு சேமிக்கும் ஊக்கமும் போய்விடும். கடனில் முடியுமானால், அப்பழக்கமே வாழ்நாளெல்லாம் தொடரக்கூடும். ஆதலால் இதைச் சிறுபிள்ளை வேளாண்மை என்று தள்ளிவிடாமல், மூவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். அதன் பயனை இங்குத் தருகிறேன்.

முதற்கண், திரையைப் பார்க்கும் முன் கணிப்பொறியைப் பார்க்க வேண்டும். திரையிலுள்ள ஒவ்வொரு படப்புள்ளியையும் கணிப்பொறியின் கிராஃபிக்ஸ் கார்டே வரைந்து தர வேண்டும். 1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 2560 × 1440 அளவில் 36.9 லட்சம், 3840 × 2160 அளவில் 83 லட்சம். எளிய கார்டு உள்ள கணிப்பொறிக்குப் பெரிய திரையை மாட்டுவது, கன்றுக்குட்டியைப் பார வண்டியில் பூட்டுவதற்கு ஒப்பாகும். எங்கள் பையனின் பொறிக்கு முதலில் சொன்ன அளவே தக்கது. அவனது பழைய திரையோ 1366 × 768, அதாவது 10.5 லட்சம் புள்ளிகளே கொண்டது. பாடம் படிப்பதற்கும் புதிய திரை உதவும் என்று அத்தானுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சற்றே இளகினார்.

அடுத்தது திரையின் அளவு. அதே 1920 × 1080 புள்ளிகளை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் பரப்பினால் 82 மட்டுமே. மேசையருகே அமர்ந்து பார்ப்போர்க்கு 24 அங்குலமே தெளிவு.

மூன்றாவது, வினாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது. இதனை ஹெர்ட்ஸ் என்பர். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிவினாடி நிற்கிறது, 100 ஹெர்ட்ஸில் 10, 144இல் 6.9, 180இல் 5.6. இதில் ஒரு நுட்பம் உண்டு. 60இலிருந்து 100க்கு ஏறினால் 6.7 மில்லிவினாடி மிச்சமாகிறது; 144இலிருந்து 180க்கு ஏறினால் 1.4 மட்டுமே. எண் ஏற ஏறப் பயன் குறைகிறது. மேலும், கணிப்பொறி வினாடிக்கு 70 படங்களே தருமாயின், 180 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஆயின் 'அடாப்டிவ் சிங்க்' என்னும் வசதி இருத்தல் நலம். கணிப்பொறியின் வேகத்திற்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால், படம் நடுவே கிழிந்தாற்போல் தோன்றும் குறை நீங்குகிறது. 2019 முதல் என்விடியா நிறுவனத்தாரும் தம் புதிய கார்டுகளில் இதனை ஏற்றுக்கொண்டமையால், இவ்வசதி எளிய விலைத் திரைகளிலும் பயன் தருகிறது.

திரையின் தன்மை பெரும்பாலும் மூவகைப்படும். டி.என். வகை விரைவானது, ஆயின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். வி.ஏ. வகையில் கருமை ஆழமாகத் தெரியும். ஆயின் இருண்ட காட்சிகள் விரைந்து நகரும்போது நிழல்போல் இழுபடுதல் உண்டு. ஐ.பி.எஸ். வகையில் கருமை சற்றுக் குறைவெனினும், எப்பக்கமிருந்து நோக்கினும் நிறம் பெரிதும் மாறாது. குடும்பத்தார் பலரும் பயன்படுத்தும் திரைக்கு இதுவே ஏற்றது.

விளம்பரச் சொற்களில் எச்சரிக்கை தேவை. '1 மில்லிவினாடி' என்பது பல வேளைகளில் பின்னொளியை அணைத்தணைத்து ஏற்றிப் பெறும் கணக்கு. அவ்வாறு செய்கையில் திரை மங்கும். எளிய விலைத் திரையில் 'ஹெச்.டி.ஆர்.' என்று எழுதியிருந்தால், அதற்கு வேண்டிய ஒளி பெரும்பாலும் அத்திரைக்கு இராது. வாங்கும்போது வெள்ளை, கறுப்பு, சிவப்பு எனத் திரை முழுதும் ஒரே நிறமாக்கி, செத்த புள்ளிகள் உளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதச் சீட்டையும் பில்லையும் கேட்டுப் பெறுங்கள்.

முடிவில் 24 அங்குலம், ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ், அடாப்டிவ் சிங்க் உள்ள திரையொன்றை வாங்கினோம். கையிருப்புக்குள் அடங்கி, சிறிது மீதமும் இருந்தது. கடன் இல்லை.

ஆனால் வீட்டில் மாட்டியபோது அசைவில் எம்மாற்றமும் தெரியவில்லை! "நான் அன்றே சொன்னேனே" என்றார் அத்தான். பையனின் முகம் வாடிவிட்டது. பள்ளியில் பயிலும் அவன் தங்கைதான் பெட்டியோடு வந்த தாளைப் பொறுமையாகப் படித்து, கணிப்பொறியின் அமைப்பைத் திறந்து பார்த்தாள். 'டிஸ்பிளே' பகுதியில், 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' என்னும் இடத்தில், வேகம் 60 என்றே நின்றிருந்தது. அதனை 100 ஆக்கினாள். அத்தானே சுட்டியை இங்குமங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஆமாம், வழுக்கிக்கொண்டு போகிறது" என்று ஒப்புக்கொண்டார். அண்ணன் மீதிப் பணத்தில் தங்கைக்கு ஒரு பேனா வாங்கித் தந்தான்.

திரை இப்போது கூடத்தில் இருக்கிறது. மாலையில் பாடம், பின்னர் ஒரு மணி நேரம் விளையாட்டு என்பது தந்தையும் மகனும் பேசி வகுத்த ஒழுங்கு.

பெற்றோரே, பிள்ளை கேட்டதை மறுப்பது எளிது. கேட்டவுடன் வாங்கித் தருவதும் எளிது. உடன் அமர்ந்து, தேவை எது, ஆசை எது என்று பிரித்தறியக் கற்பிப்பதே அரிது. அந்த ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க உங்களால் இயலாதா?