கணிப்பது ஒருவர், இழப்பது இன்னொருவர்

பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. வண்டி ஓட்டிவரும் இளைஞரின் வேகம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், அவர் சாவியைத் திருகுவதற்கு முன்பே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. பிளிங்கிட், ஸெப்டோ, ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் போன்ற நிறுவனங்கள் குடியிருப்புகளுக்கு நடுவே சிறு கிடங்குகளை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் உள்ளே நுழையாத இந்தக் கிடங்குகளுக்கு டார்க் ஸ்டோர் என்று பெயர். சுற்றியுள்ள சில தெருக்களில் நாளை காலை எத்தனை தயிர் பாக்கெட் போகும், மழை பெய்தால் எது கூடுதலாகப் போகும், ஆடி வெள்ளிக்கு எது தீர்ந்துபோகும், மாதக் கடைசியில் எது தேங்கும் என்று மென்பொருள் முன்கூட்டியே கணிக்கிறது. அதன்படி சரக்கு முந்தைய இரவே வந்து இறங்குகிறது. எந்தப் பொருளை எந்த அலமாரியில் வைத்தால் எடுப்பவர் குறைவாக நடப்பார் என்பதுகூட கணக்குப் போட்டு வைத்ததுதான்.

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி இதையே மனக்கணக்காகச் செய்துவந்தார். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கணிப்பு தவறி வாழைப்பழம் கறுத்துப்போனால் நஷ்டம் அவருடையது. இன்றைய விநியோகச் சங்கிலியில் கணிப்பவரும் நஷ்டத்தைத் தாங்குபவரும் ஒரே ஆள் இல்லை. செயற்கை நுண்ணறிவு இந்தத் துறையில் கொண்டுவந்திருக்கும் மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். அதிகம் பேசப்படாததும் இதுவே.

தொழில்நுட்பத்தின் பயனை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் யுபிஎஸ் நிறுவனம் தன் வண்டிகளுக்கு வழி வகுக்கும் ‘ஓரையன்’ மென்பொருளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி மைல் ஓட்டம் மிச்சமாவதாகச் சொல்கிறது. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அந்த நாட்டில், இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வண்டிகள் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் திருப்பங்களைக் கூடுமானவரை தவிர்த்து வழி வகுத்தாலே எரிபொருள் மிச்சமாகிறது. சரக்கு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்காக வடமாநில புக்கிங் ஆபீஸ்களில் நாள்கணக்கில் காத்துக்கிடந்த நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு, கைப்பேசியிலேயே லோடு தேட முடிவதும் சின்ன விஷயம் அல்ல.

ஆனால், எந்த மென்பொருளும் கடந்துபோன நாள்களிலிருந்தே கற்கிறது. இதுவரை நடக்காத ஒன்று நடக்கும்போது அது தடுமாறும். டொயோட்டாவின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் சரக்கு என்ற முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம் அது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தன் கொள்கைக்கு மாறாக, சிப் போன்ற முக்கிய உதிரிபாகங்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் அது கேட்டுக்கொண்டது. செயல்திறனை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்கும் இதை வீண்செலவு என்றே சொல்லியிருக்கும். 2021இல் சிப் தட்டுப்பாடு வந்து மற்ற கார் ஆலைகள் முடங்கத் தொடங்கியபோது, டொயோட்டா கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது. அந்த இருப்பை வைப்பதற்கான செலவு முழுவதையும் சப்ளையர் தலையிலேயே அது கட்டிவிடவும் இல்லை. கணிப்பு தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கான விலையையும் அந்த நிறுவனம் பகிர்ந்துகொண்டது.

நம் நகரங்களின் டெலிவரி தொழிலில் அந்த விலை எங்கே போகிறது? மழை நேரத்தில் ஆர்டர்கள் குவிந்தால், செயலி கூடுதல் இன்சென்டிவ் காட்டி வண்டிகளை இழுக்கிறது. ஆர்டர் குறைந்தால் ஓட்டுநர்கள் டார்க் ஸ்டோர் வாசலில் காத்திருக்கிறார்கள். ஊதியம் ஆர்டர் கணக்கில் என்பதால், காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. தேவையை அதிகமாகக் கணித்த மென்பொருளின் பிழை, அவர்களுடைய வெறும் நேரமாகக் கழிகிறது. இலக்குக்கு ஓர் ஆர்டர் குறைந்தாலும் அன்றைய இன்சென்டிவ் போய்விடும். ரேட்டிங் இறங்கினால் ஆர்டர் குறையும். ஒருநாள் காலையில் ‘ஐடி பிளாக்’ ஆகியிருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல எதிரே ஆள் இருப்பதில்லை.

கிடங்குகளுக்குள் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அங்குள்ள அமேசான் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. ஊழியர் கையிலிருக்கும் ஸ்கேனர் 10 நிமிடம் சும்மா இருந்தால் அது பதிவானது. ஒன்று முதல் பத்து நிமிட இடைவெளியும் பதிவானது. முந்தைய பொருளை ஸ்கேன் செய்த 1.25 விநாடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால், அதுவும் பிழையாகக் குறிக்கப்பட்டது. மெதுவாக இருந்தாலும் குற்றம், வேகமாக இருந்தாலும் குற்றம். இது அளவுக்கு மீறிய கண்காணிப்பு என்றது ஆணையம். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஹரியாணாவின் மானேசரில், கடும் வெயில் காலத்தில், லாரிகளில் சரக்கு இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போக மாட்டோம் என்று அமேசான் கிடங்கு ஊழியர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து மத்திய அரசிடம் விளக்கம் கேட்டது. தனிப்பட்ட ஒரு நிகழ்வு என்றும், தங்கள் கொள்கைக்கு முரணானது என்றும் நிறுவனம் சொன்னது. இலக்கைக் கணினி வகுத்ததா, மேலாளர் வகுத்ததா என்பது தாகத்தோடு நின்றவருக்கு முக்கியமில்லை. அந்த இலக்கை மறுத்துப் பேச அவருக்கு ஓர் இடம் இருந்ததா என்பதே முக்கியம்.

அந்த இடத்தைச் சட்டம்தான் உருவாக்க முடியும். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர் (நிரந்தர வேலை இல்லாமல், செய்யும் பணிக்கேற்ப ஊதியம் பெறுவோர்) எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாகும் என்று கணித்தது. இவர்களுக்காக இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் ராஜஸ்தான், 2023இல். கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. தானியங்கி முறைகள் ஊதியத்தையும் ரேட்டிங்கையும் எப்படி முடிவுசெய்கின்றன என்பதைத் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒருவரை நீக்குவதற்குக் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் பொதுவிதி வகுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது. மின்சார ஸ்கூட்டர் வாங்க ₹20,000 மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை அண்ணா நகரில் அவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறக்கப்பட்டது. வெயிலில் அலைபவர்களுக்கு இவை தேவையானவை, வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒருவருடைய வருமானத்தை இன்று பாதியாக்கும் முடிவு எடுக்கப்படும் இடத்தை நலவாரியம் தொடுவதில்லை. அந்த முடிவு ஒரு மென்பொருளுக்குள் எடுக்கப்படுகிறது. ஆர்டர் எப்படிப் பிரிக்கப்படுகிறது, இன்சென்டிவ் எப்போது மாறுகிறது, ஐடி ஏன் பிளாக் ஆகிறது என்பதைத் தமிழில், எழுத்தில், அவர்களுக்குச் சொல்ல வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும். மேல்முறையீடு செய்தால் ஒரு மனிதர் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் கட்டாயமாக்கும் தனிச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும்.