மகன் கேட்கும் விளையாட்டுக் கணினி

கப்பல்துறையிலிருந்து ஒரு சகோதரி பின்வருமாறு எழுதியிருக்கிறார்: "சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என் மகன், விளையாட்டுக்கென ஒரு கணினி வேண்டும் என்று நிற்கிறான். கடையில் ஆயத்தமாக இருப்பது வேண்டாமாம். உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்துத் தானே பொருத்துவானாம். அவன் தந்த பட்டியலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. நான் என்ன செய்வது?"

சகோதரியின் கலக்கம் நியாயமானதே. இவ்வுறுப்புக்கள் பிற நாடுகளிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. ஒரு முறை பிழையாக வாங்கினால் மறுமுறை வாங்க எல்லா இல்லங்களிலும் வசதி இராது. ஆதலால், பட்டியலை மேலிருந்து வாசிக்காமல் கீழிருந்து வாசியுங்கள் என்பதே நான் கூறும் முதல் ஆலோசனை.

காரணம் யாதெனில், இளைஞர்கள் செயலியையும் கிராபிக்ஸ் கார்டையும் முதலில் எழுதுவர். பவர் சப்ளையும் பெட்டியும் கடைசியில், எஞ்சிய காசுக்கு அடங்கும்படி எழுதப்படும். கடலோர ஊரில் வாழும் நமக்கு இந்த வரிசை பொருந்தாது.

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தைக் கணினிக்கு வேண்டிய 12 வோல்ட் முதலிய நேரோட்டமாக மாற்றித் தருவது. ஏனைய உறுப்பு ஒன்று பழுதானால் பெரும்பாலும் அது மட்டுமே போகும். மலிவான பவர் சப்ளை பழுதானாலோ, மதர்போட்டையும் கிராபிக்ஸ் கார்டையும் உடன் கொண்டு போகவுங்கூடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அத்தகைய வேளைகளிலும், மாரி காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் வேளைகளிலும் முதல் அடியைத் தாங்குவது இதுவே. கணக்கு எளிது: நடுத்தரச் செயலிக்கு 65 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கு ஏறத்தாழ 130 வாட், மற்றவற்றுக்கு 50 வாட், ஆக 250 வாட் அளவு. நல்ல நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை தாராளமாகப் போதும். பெயர் தெரியாத நிறுவனம் 750 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்.

அடுத்தது பெட்டி. கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகைகளைத் தொடுகிறது. புழுதியும் சேர்ந்து வருகிறது. கணினி உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறும். முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடி, உள்ளே வண்ண விளக்குகள் எரியும் பெட்டி பார்வைக்கு அழகுதான். காற்று எவ்வழியே புகும்? சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்புறம் வலையும், காற்றை உள்ளிழுக்க இரண்டு விசிறிகளும், வெளியேற்ற ஒன்றும் உள்ள பெட்டியே நமக்கு ஏற்றது. உப்பும் ஈரமும் பற்றிய தூசி உலோகத்தை அரிக்கும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் துடைக்கும் பொறுப்பை மகனிடமே ஒப்படையுங்கள்.

இனி, கிராபிக்ஸ் கார்டு. செலவின் பெரும்பங்கு இதற்கே போகும். இதனைத் திரையோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். 1920க்கு 1080 என்னும் திரையில் சுமார் 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. நடுத்தரச் செலவுக்கு முன்னதே பொருத்தம். அதற்கு 8 ஜிகாபைட் நினைவுள்ள ரேடியன் ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒன்று போதுமானது. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கும் என்று மகன் கூறலாம். 2022 செப்ரெம்பரில் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியதும், அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் பல பழைய சந்தைக்கு வந்தன. உத்தரவாதக் காலம் மீதமிருந்தாலன்றிப் பழையதை வாங்காதிருத்தல் நலம்.

செயலிக்கு 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600, இன்டெல் ஐ5 12400எஃப் ஆகிய இரண்டும் ஆறு கருக்கள் கொண்டவை, எதுவும் தகும். மதர்போட்டில் டிடிஆர்4, டிடிஆர்5 என நினைவகம் இரு வகைப்படும். ஒன்றினிடத்தில் மற்றது பொருந்தாது என்பதைக் கவனிக்க. 16 ஜிகாபைட்டை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் வேகம் கூடும். 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவக விலை உலகெங்கும் ஏறிற்று. ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்கிடாதீர்கள்.

காசு போதாவிடின் பவர் சப்ளையைக் குறைக்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டைப் பின்போடுங்கள். ரைசன் 5 5600ஜி என்னும் செயலி தனக்குள்ளேயே படம் காட்டும் ஆற்றல் உடையது. அதைக்கொண்டு படிப்பும் சிறு விளையாட்டும் நடக்கும்; அடுத்த சீட்டில் கார்டு வாங்கலாம். அத்திவாரம் உறுதியாயின் மேல்மாடி பின்னர் கட்டலாமன்றோ?

வாங்குமுன் மின்னியலாளர் ஒருவரை அழைத்து, வீட்டில் புவித்தொடுப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்ப்பியுங்கள். அஃதில்லாத வீட்டில் பெட்டியைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கும். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், ஒவ்வோர் உறுப்பின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறுங்கள். பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. பட்டியலை மகனிடம் திருப்பிக் கொடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே அது ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாதவை தாமே உதிர்ந்துவிடும். கணினியை அவன் அறையில் பூட்டி வைக்காமல் முன் விறாந்தையை ஒட்டிய கூடத்தில் வைத்தால், காற்றும் கிடைக்கும், உங்கள் கண்ணும் அதன்மேல் இருக்கும். தாயின் சேமிப்பைச் சிந்தித்துச் செலவிடக் கற்ற பிள்ளை, அதில் விளையாடினாலும் பிழையில்லை.